வாயில்லா ஜீவனுக்கு வைக்கும் சோறு

இல்லறத்தார் கைக்கொள்ள வேண்டிய ஐந்து அனுவிரதங்களுள் முதலாவது அகிம்சை. அவ்விரதத்தில் குற்றம் நேரும் வழிகள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் வகுத்துள்ளார். உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கும் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. பாடசாலைக்கு வரும் சிறுவரை ஒப்பிக்கச் சொன்னால் இவ்வைந்தையும் தடையின்றி ஒப்பிப்பார்கள். ஐந்தாவதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுக என்றால், "நாய்க்குச் சோறு வைக்காமல் இருப்பது" என்பதே பெரும்பாலும் வரும் விடை. விடை சரியே. ஆயினும் அதனுடன் மற்றொரு வினாவையும் சேர்த்துக் கேட்டல் நலம். வைத்த சோறு அந்த நாய்க்கு ஆகுமா?

நாயும் சோறும் சேர்ந்து வரும் இடம் ஒன்று நம் சமணக் காப்பியத்திலேயே உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், அந்தணர் சமைத்து வைத்த உணவில் ஒரு நாய் வாய் வைத்துவிடுகிறது. அவர்கள் அதனை அடித்து வீழ்த்துகின்றனர். உயிர் பிரியும் வேளையில் சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு வந்த இடர்களில் துணை நிற்கிறான். கதையை நாம் அனைவரும் அறிவோம். அந்த நாய் அடியால் இறந்தது. நம் காலத்து நாய்களுள் சில, அன்போடு வைத்த சோற்றாலேயே நோயுறுகின்றன. சில இறந்தும் போகின்றன. வைத்தவர் அறியாமல் நேர்வது அது. அறியாமை நீங்குவதற்கே இப்பாடம்.

நாயின் வயிறு

நாய் ஓநாயின் வழி வந்தது. எனினும் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததால் அதன் வயிறு ஓநாயின் வயிறாக இல்லை. 2013ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் உண்மையை வெளியிட்டனர். மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடத்து இரண்டு படிகளே உள்ளது; நாயிடத்தோ 4 முதல் 30 படிகள் வரை உள்ளது. உழவன் களத்தில் சிந்திய தானியத்தைத் தின்று பழகிய இனத்துக்கு உடலே மாறிக் கொடுத்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆகவே "நாய்க்குச் சோறு ஆகாது, மாமிசம் மட்டுமே ஆகும்" என்று கூறுவது முழு உண்மையன்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்கு வாயில் ஊறும் உமிழ்நீரிலேயே மாவைச் செரிக்கும் நொதி உண்டு, நாய்க்கு இல்லை. அது மெல்லுவதும் குறைவு, விழுங்குவதே அதிகம். எனவே தானியமும் பயறும் நன்கு குழைய வெந்திருத்தல் வேண்டும். அரைவேக்காட்டுப் பருப்பு வயிற்றை உப்பச் செய்யும்.

பூனையை இக்கணக்கில் சேர்த்தல் கூடாது. பூனைக்குத் தேவையான டாரின் என்னும் சத்தும், நேரடியான வைட்டமின் ஏயும் மாமிசத்திலிருந்தே கிடைப்பவை. அவற்றைத் தன் உடலில் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளும் வழி அதற்கு இல்லை. தயிர்ச்சோற்றில் பூனையை வளர்ப்போம் என்போர் அதன் கண்ணையும் இதயத்தையும் கெடுக்கின்றனர்.

நம் அடுக்களையில் ஏற்றவை

கொங்கு நாட்டில் இதற்குக் குறைவே இல்லை. உப்பும் காரமும் சேராத வெறும் அரிசிச்சோறு, கேழ்வரகுக் களி, கம்மஞ்சோறு, சோளச்சோறு ஆகிய யாவும் நாய்க்கு ஏற்றவை. தோட்டத்துச் சாளைகளில் காவலுக்கு நின்ற நாய்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைத்தான் தின்று வந்தன. கோயமுத்தூரில் குடியேறி வாழும் ராஜஸ்தான், குஜராத்தி ஜைன இல்லங்களில் முதல் ரொட்டி பசுவுக்கு, கடைசி ரொட்டி நாய்க்கு என்று எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. நெய் தடவாத வெறும் கோதுமை ரொட்டியால் தீங்கில்லை. நீர் தெளித்து ஊறவைத்துப் பிய்த்துப் போடுவது மேலும் நல்லது.

பயறு வகையில் பாசிப்பயறு முதலிடம் பெறும். துவரம்பருப்பும் ஆகும். கொள்ளும் ஆகும் எனினும் வாயுவை உண்டாக்குவதால் சிறிதளவே தருக. கொள்ளுப் பருப்பைத் தாளித்துக் கடைந்த நிலையில் தருதல் கூடாது. காரணம் பின்னர் வரும்.

பூசணி, சுரை, பீர்க்கு, பீன்ஸ் ஆகியவற்றை வேகவைத்து மசித்துத் தரலாம். பூசணி மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒருங்கே உதவுவது என்று கால்நடை மருத்துவர் கூறுவர். கேரட்டும் சர்க்கரைவள்ளியும் நாய்க்கு நல்லவையே; கந்தமூலம் விலக்கிய நம் இல்லங்களில் அவை இரா. பூசணி ஒன்றே போதும், வருந்த வேண்டியதில்லை.

பழங்களில் வாழைப்பழம், பப்பாளி, தர்ப்பூசணி, மாம்பழச் சதை, சப்போட்டா, ஆப்பிள் ஆகியவை சிறு துண்டுகளாக ஆகும். எல்லாவற்றிலும் கொட்டையையும் விதையையும் நீக்கிவிடுக. மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைபட்ட நாய்க்கு அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை. நீலகிரியிலிருந்து இறங்கும் வெண்ணெய்ப் பழத்தில் கொழுப்பும் மிகுதி, கொட்டையும் பெரிது. அதைத் தவிர்ப்பதே நன்று. பொள்ளாச்சித் தேங்காயில் ஒரு சில்லுப் போதும்.

பாலைப் பற்றிப் பலருக்கும் மயக்கம் உண்டு. குட்டி தாயிடம் குடிப்பது வேறு. வளர்ந்த நாய் பசும்பால் குடிப்பது வேறு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோசு செரிப்பதில்லை. கழிச்சல் காணும். தயிரில் அது சற்றுக் குறைவு. நீர் பெருக்கிய உப்பில்லா மோரில் இன்னும் குறைவு. கொங்கு வெயிலுக்கு மோர்ச்சோறு பொருத்தமானதே.

அளவு குறித்தும் கூற வேண்டும். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி தேவை. ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசியும், அதில் பாதி பாசிப்பயறும், ஒரு கைப்பிடி பூசணியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, ஆறியபின் சிறிது தயிர் பிசைந்து வைத்தால் ஏறக்குறைய 350 கலோரிக்கு மேல் கிடைக்கும். உப்பு வேண்டா. இடையிடையே தரும் தின்பண்டம் நாளின் தேவையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சுதல் கூடாது என்பது மருத்துவர் வகுத்த கணக்கு. அதாவது 60 கலோரி. அரை வாழைப்பழம் அக்கணக்கில் அடங்கும். ஒரு லட்டு அடங்காது.

வெங்காயமும் பூண்டும்

அடுத்த வீட்டார் நம்மை வியந்து நோக்குவதற்குக் காரணமான விலக்கு ஒன்று நாய் விஷயத்தில் நமக்குத் துணையாக நிற்கிறது. வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய இனம் முழுவதும் நாய்க்கு நஞ்சாகும். இவற்றிலுள்ள கந்தகக் கூட்டுப்பொருள்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. தன் எடையில் 200இல் ஒரு பங்கு வெங்காயத்தை ஒரே வேளையில் தின்றாலே தீங்கு தோன்றலாம். 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், அதாவது ஒரு கையளவுச் சின்ன வெங்காயம். பூண்டின் வேகம் இதனினும் அதிகம். வேகவைத்தாலும், வதக்கினாலும், உலர்த்திப் பொடித்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. சிறிது சிறிதாகத் தொடர்ந்து தின்றாலும் கேடே.

இதில் ஏமாற்றம் யாதெனில், தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. சில நாட்கள் கழித்தே நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாக இறங்கும். அப்போது வீட்டார் வெயிலைக் காரணம் சொல்வர், அல்லது கண்ணேறு என்பர். முந்தைய வாரத்து விருந்து எவர் நினைவுக்கும் வராது.

கொங்கு நாட்டின் அரிசிம்பருப்புச் சாதம் அருமையான உணவு. ஆயினும் சின்ன வெங்காயமும் பூண்டும் இன்றி அதை யாரும் சமைப்பதில்லை. தாளித்த கொள்ளுப் பருப்பும் அவ்வாறே. அக்கம்பக்கத்தார் மீந்த சாதத்தைத் தெரு நாய்க்கு வைப்பதைக் கண்டால் இதை அன்போடு எடுத்துக் கூறலாம். "நீங்கள் வெங்காயம் தின்னலாகாது" என்று அவர்களுக்குப் போதிக்கப் புகுந்தால் சொன்னது செவியில் ஏறாது. நாயைப் பற்றி மட்டும் பேசினால் ஏறும்.

நம் அடுக்களையில் ஒளிந்திருப்பவை

வெங்காயம் இல்லாத சமையல் ஆதலின் நம் வீட்டு மீதம் முற்றும் தூயது என்று கருதிவிடலாகாது. புளியும் திராட்சையும் நம்மிடம் உண்டு.

திராட்சையும் உலர் திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. இதனை அமெரிக்க நஞ்சியல் மருத்துவர்கள் 2001ஆம் ஆண்டளவில் கண்டு எழுதினர். காரணம் மட்டும் இருபது ஆண்டுகள் தெரியவில்லை. ஒரு நாய் ஒரு கொத்துத் தின்றும் நலமாக இருக்கும். மற்றொன்று சில பழங்களிலேயே வீழும். 2021இல் ஒரு குறிப்பு வெளிவந்தது. வேறு பண்டங்களைத் தின்ற நாய்களுக்கும் இதே சிறுநீரகக் கேடு வந்திருந்தது. அப்பண்டங்களுக்கும் திராட்சைக்கும் பொதுவான பொருள் டார்டாரிக் அமிலம் என்று மருத்துவர்கள் எழுதினர். அப்பண்டங்களுள் ஒன்று புளி.

தமிழ் வீட்டுக்கு இது சிறு செய்தியன்று. புளியின் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. திராட்சையில் இருப்பதைப் போல இது பல மடங்கு. "எங்கள் தோட்டத்து நாய் பத்தாண்டாகக் குழம்புச்சோறு தின்றே வளர்ந்தது" என்பார் உளர். இருக்கலாம். நீர்த்த ரசத்தில் புளி குறைவு. நாய்க்கு நாய் உடல் வேறு. அந்த நாய் தப்பியது என்பதால் அடுத்த தெரு நாயும் தப்பும் என்று கொள்வதற்கில்லை. புளியோதரை, புளிக்குழம்பு, புளிக்காய்ச்சல் ஆகியவற்றை நாய்க்கு வைத்தல் கூடாது என்பதே நம் முடிபு. சாம்பார் ஊற்றிப் பிசையும் முன்பே நாயின் பங்கை வெறுஞ்சோறாக எடுத்து வைத்துவிட்டால் இந்த விசாரமே எழாது.

கேசரியிலும் பாயசத்திலும் இடும் உலர் திராட்சையையும் நினைவில் கொள்க. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பன்னீர்த் திராட்சை வரும் பருவத்தில், அழுகியது என்று வாசலில் கொட்டுவோரும் கவனிக்க வேண்டும். தின்ற ஒரு நாளுக்குள் வாந்தி தோன்றும், பின் சோர்வு, மூன்று நாட்களுக்குள் சிறுநீர் அற்றுப்போகலாம். வாந்தி தோன்றும்வரை காத்திராமல், தின்றது தெரிந்த உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்வதே உயிர் காக்கும்.

நெய்யைப் பற்றியும் ஒரு சொல். மகாவீர ஜெயந்தி, பர்யூஷணம் முதலிய நாட்களில் நெய்ப்பண்டங்கள் மிகும். மீந்த மைசூர்பாகையும் ஒப்புட்டையும் நாய்க்கு இட்டு மகிழ்வோர் பலர். ஒரே வேளையில் மிகுந்த கொழுப்பு உட்சென்றால் நாயின் கணையம் வீங்கும். வாந்தியும் பொறுக்க முடியாத வயிற்றுவலியுமாக அது முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். இதனால் இறப்பதும் உண்டு.

கடலைக்காயும் பூசணமும்

மழைக்காலத்தில் இதனைத் தனியே ஓதுதல் வேண்டும். நல்ல கடலைக்காயை உப்பின்றி வேகவைத்துத் தோல் நீக்கி நாலைந்து பருப்புத் தருவதில் குற்றமில்லை. ஆனால் ஈரம் பட்டுப் பூசணம் பூத்த கடலைக்காய், மக்காச்சோளம், புண்ணாக்கு ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஊறுகிறது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணமே அதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதன் பின்னர்ப் பிறந்தது.

கல்லீரலை அழிக்கும் இந்நஞ்சுக்கு நாய் மிக எளிதில் ஆட்படும் உயிர். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் இறுதியிலும், மீண்டும் 2020ஆம் ஆண்டின் இறுதியிலும், மக்காச்சோளத்தில் இருந்த இந்நஞ்சு கடையில் விற்ற நாய்த்தீவனத்தில் கலந்து பல நாய்கள் இறந்தன. மூடிய பையில் வந்த பண்டத்திலேயே அவ்வாறு நேர்ந்ததெனில், மழையில் நனைந்த மூட்டையை என்னென்பது? வேகவைத்தாலும் அஃப்ளடாக்சின் அழிவதில்லை. பூசணத்தைத் துடைத்துவிட்டுத் தருவதும் பயனற்றது.

ரொட்டி, பன், இரவு மீந்த சோறு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பாசி படர்ந்த ரொட்டியைத் தின்ற நாய் உடல் நடுங்கி வலிப்புக் காண்பதுண்டு. இரவு தங்கிய உணவை நாம் உண்பதில்லை; ஆகாதென்று விலக்குகிறோம். விலக்கியதை மறுநாட் காலை நாய்க்குக் கொட்டிவிட்டு அதனைத் தானம் என்று எண்ணுவது நமக்கு உடன்பாடன்று. வைக்க வேண்டுமாயின் மாலையில், சூரியன் மறையும் முன், நாம் உண்டு முடித்த கையோடு வைத்துவிடலாம்.

மற்றவை சில

சாக்லேட், காப்பி, தேயிலை ஆகியவை நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்குவன. காப்பித்தூள் சக்கையைச் செடிக்கு இடுவோர் நாய் தோண்டாதபடி மூட வேண்டும். நீரிழிவு உள்ளவர் வீடுகளில் இனிப்புக்கு மாற்றாகச் சைலிட்டால் என்னும் பொருள் சேர்ந்த பண்டங்கள் இருக்கக்கூடும். சர்க்கரையில்லாத சூயிங்கம், சில பற்பசைகள் ஆகியவற்றிலும் அது உண்டு. மேலட்டையில் 967 என்ற எண்ணாலும் குறிப்பர். மனிதருக்குத் தீங்கற்ற அது, நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் கீழே தள்ளிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவை உப்பு மிகுதியால் ஆகா. புளித்துப் பொங்கும் மாவைப் பச்சையாக வைத்தலும் கூடாது. வெந்த இட்லி ஆகும். சாதிக்காய் ஆகாது.

பிஸ்கட்டைப் பற்றிப் பலரும் வினவுவர். தெரு நாய்க்குக் குளுக்கோஸ் பிஸ்கட் இடுவது நம் நகரத்தில் நாள்தோறும் காணும் காட்சி. அது நஞ்சன்று, உணவும் அன்று. மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் ஆகிய அதனால் பசி அடங்குவது போலிருக்கும், உடல் தேறாது. அதே காசுக்கு ஒரு கைப்பிடி பயறு வேகவைக்கலாம். கிரீம் பிஸ்கட்டும் சாக்லேட் பிஸ்கட்டும் அறவே வேண்டா.

ஆகாததைத் தின்றுவிட்டால் உப்பு நீரைக் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் சிலரிடம் உண்டு. உப்பே நஞ்சாகி நாயைக் கொல்லும். என்ன தின்றது, எவ்வளவு, எந்நேரம் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்க. மேலட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்க.

சைவ உணவில் நாய் வாழுமா?

இவ்வினாவை நம் இல்லங்களில் கேளாதார் இல்லை. பட்டும் படாமலும் விடை கூறிச் செல்லும் வழக்கத்தை விட்டு, நேராகவே பார்ப்போம்.

நாய், பூனையைப் போல் மாமிசத்தையே சார்ந்த உயிரன்று. டாரினை அது தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே சைவ உணவில் நாய் வாழ இயலும். ஆனால் "இயலும்" என்பதற்கும் "தயிர்ச்சோறு போதும்" என்பதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. நம்மைப் போல் வெயிலில் நின்று வைட்டமின் டியை வேண்டிய அளவு பெற நாயால் இயலாது. சோறும் பருப்பும் மட்டும் தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் பி12, துத்தநாகம் ஆகியவை குறையும். பயறு மிகுந்த சில தீவனங்களுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் தொடர்பு உண்டோ என்று 2018இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. முடிந்த முடிபு எதுவும் எட்டப்படவில்லை. எனினும் பயறு ஒன்றையே மேலும் மேலும் சேர்ப்பது தீர்வாகாது என்பதை அது நினைவூட்டுகிறது.

நாம் கொண்ட விரதம் நாம் அறிந்து ஏற்றது. நாய் எந்த விரதமும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் நாய் வளர்க்கும் சிராவகர், முழுச்சத்தும் கணக்கிட்டுச் செய்த சைவத் தீவனத்தையோ, கால்நடை மருத்துவர் எழுதித்தரும் சத்துப்பொடிகளோடு கூடிய வீட்டு உணவையோ கொடுத்து, ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனையும் செய்வித்தால் அகிம்சைக்கும் நாய்க்கும் ஒருங்கே நியாயம் செய்தவராவர். வளரும் குட்டிக்கும் சினைநாய்க்கும் பாலூட்டும் நாய்க்கும் இக்கவனம் இருமடங்கு வேண்டும். இவ்வளவும் நம்மால் ஆகாது என்போர் வீட்டில் நாய் வளர்க்காதிருப்பதே மேல். தெரு நாய்க்கு ஒரு வேளை வெறுஞ்சோறும் நீரும் வைப்பதற்கு இத்தனை கணக்கு வேண்டியதில்லை. அது பல இடங்களில் பலவற்றைத் தின்று குறையை நிரப்பிக்கொள்ளும்.

எங்கே வைப்பது?

தயை நாயோடு முடிந்துவிடுவதில்லை. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கங்களில் தெரு நாய்க் கூட்டங்கள் இரவில் பட்டிகளுக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. வானம் பார்த்த பூமியில் ஆட்டை நம்பியே வாழும் குடும்பங்கள் இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டுப் போராடின. சாலையோரங்களில் கொட்டப்படும் கோழி, இறைச்சிக் கழிவுகளைத் தின்று நாய்கள் பெருகியதே இதற்குக் காரணம் என்று உழவர்கள் கூறினர். ஆட்டின் உயிரும் உயிரே. அதனை இழந்து அழும் மூதாட்டியின் கண்ணீரையும் நாம் கணக்கில் வைத்தல் வேண்டும்.

ஆதலால் சோறு வைப்பவர் கடமை சோற்றோடு முடிவதில்லை. தாம் சோறு வைக்கும் நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்க உள்ளாட்சியை நாட வேண்டும். 2023இல் மத்திய அரசு வெளியிட்ட விலங்குகள் கருத்தடை விதிகள், குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, குடியிருப்பின் நுழைவாயில் ஆகியவற்றுக்கு அப்பால் உணவிடும் இடத்தைக் குறிக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வார்டுதோறும் அத்தகைய இடங்களை உள்ளாட்சி அமைத்துத் தர வேண்டும் என்றும், தெருவில் கண்ட இடத்தில் வைத்தல் கூடாது என்றும் ஆணையிட்டது. இவ்வாணையைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். முதியவரும் பள்ளிப் பிள்ளைகளும் நடமாடும் வழியில் நாய்களைக் கூட்டுவது எவ்விதத்திலும் தயையாகாது என்பதில் வேறுபாடு இருக்க வேண்டியதில்லை.

சிறுவரைத் தனியே தெரு நாய்க்கு உணவிட அனுப்புதல் கூடாது. கடியோ நகக்கீறலோ பட்டால், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். நமக்கு அருகில் குன்னூரில் 1907ஆம் ஆண்டு முதல் பாஸ்டர் நிலையம் இயங்கி வருவது இந்நோயை எதிர்த்தே தொடங்கியதாகும். நோய் வெளிப்பட்டபின் மருந்து பயன்படாது. அதற்கு முன் ஊசி உயிர் காக்கும்.

வைத்த வட்டிலை அரைமணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுக. மீந்து கிடக்கும் சோற்றுக்கு எறும்பு மொய்க்கும். அதன்மேல் நடப்போர் காலில் அவை மடியும். இரவில் எலியும் வரும். நாய்க்கு நீர் வைக்கும் சிமெண்ட் தொட்டியை நாள்தோறும் கவிழ்த்துத் தேய்த்துப் புதுநீர் நிரப்புக. நாலு நாள் தேங்கினால் கொசுப்புழு காணும். பின் அதனை அழிக்கும் பாவமும் நமக்கே. சித்திரை, வைகாசியில் சோற்றைவிட நீரே முதன்மையானது.

பாடசாலை ஆசிரியைகள் கீழ்க்காணும் வினாக்களைப் பயன்படுத்தலாம். விடையை எழுதச் சொல்வதைவிட, இல்லத்து அடுக்களையிலிருந்து பண்டங்களைக் கொண்டுவரச் செய்து, ஆகும், ஆகாது என இரு வரிசையாகப் பிரித்து வைக்கச் சொல்வது சிறுவர் மனத்தில் நிற்கும்.

1. பாசிப்பயறு, புளி, உலர் திராட்சை, கேழ்வரகு மாவு, ஊறுகாய், பூசணித்துண்டு, கடலைக்காய். இவற்றுள் ஆகாதவை எவை? ஒவ்வொன்றும் உடலின் எந்த உறுப்பைக் கெடுக்கும்? கடலைக்காயை எந்த வரிசையில் வைப்பாய்? ஏன்?

2. 20 கிலோ நாய்க்கு எத்தனை கிராம் வெங்காயம் தீங்கு தரத் தொடங்கும்? கணக்கிடுக.

3. அகிம்சைக்குரிய ஐந்து குற்றங்களுள் நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் காவல் நாயிடத்து நேர்வது எது? உன் தெருவில் அத்தகைய நாய் உண்டா?

4. திருநாள் அன்று ஜினாலயத்தில் புளியோதரையும் கேசரியும் தயிர்ச்சோறும் மீந்தன. வெளியே நான்கு நாய்கள் நிற்கின்றன. அருகில் குழந்தைகள் விளையாடுகின்றனர். எதை, எங்கே, எப்போது வைப்பாய்? மீதியை யாருக்குக் கொடுப்பாய்?